மாட்இன்ஃபோ: ஒரு வைஃபை மாட்யூலின் வாக்குமூலத்துக்கு உரை

இங்கே உரைக்கு எடுத்துக்கொண்ட மூலம் யாரும் உட்கார்ந்து இயற்றியதல்ல. லினக்ஸ் கணினியில் ‘மாட்இன்ஃபோ’ என்ற கட்டளையைத் தட்டி, அதன் பக்கத்தில் ஒரு மாட்யூலின் பெயரைக் கொடுத்தால் திரையில் வந்து விழும் வரிகள் அவை. நாம் எடுத்திருக்கும் மாட்யூல், இன்டெல் நிறுவனத்தின் வைஃபை அட்டைகளை இயக்கும் ‘ஐடபிள்யூஎல்வைஃபை’. இயங்குதளம் டெபியன் 12, கெர்னல் 6.1 வரிசையைச் சேர்ந்தது. திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரே வகையான வரிகள் பத்து, இருபது என்று அடுக்கி வரும் இடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டிருக்கிறேன்.

வரிகளுக்குள் போகுமுன் மாட்யூல் எங்கே போய் உட்காருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், கெர்னலின் எல்லா வேலைகளையும் ஒரே நிரலுக்குள் வைத்திருந்தது. இது பழைய வழி, கெர்னல் சிறியதாக இருந்து மற்றவை தனித்தனிச் செயல்களாக வெளியே இயங்க வேண்டும் என்று 1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டானன்பாம் வாதிட்டார். டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உலகத்திலுள்ள எல்லா வன்பொருளுக்குமான டிரைவர்களையும் ஒரே கோப்பில் கட்டி எல்லோர் நினைவகத்திலும் ஏற்ற முடியாது. அதற்குக் கண்ட வழிதான் மாட்யூல். 1995 மார்ச்சில் வெளியான 1.2 பதிப்புக்குள் அது லினக்ஸில் நிலைபெற்றுவிட்டது.

மாட்யூல் தேவைப்படும்போது ஏறுகிறது, வேண்டாதபோது இறங்குகிறது. இதைப் பார்த்து, அது கெர்னலுக்கு வெளியே தனியாக இயங்குகிறது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஏறிய மறுகணமே அது கெர்னலின் நினைவகப் பரப்பிலேயே, கெர்னலின் முழு அதிகாரத்தோடு இயங்குகிறது. இடையில் சுவர் ஒன்றும் கிடையாது. வைஃபை மாட்யூலில் ஒரு சுட்டி தவறான முகவரிக்குப் போனால், அது கோப்பு முறைமையின் தரவையும் கெடுக்கலாம். ஏறிய பிறகு அதைக் கட்டுப்படுத்த வழி இல்லாததால் கேட்க வேண்டியதையெல்லாம் ஏறுமுன் கேட்டாக வேண்டும். கீழே வரும் வரிகள் அந்தக் கேள்விகளுக்கான விடைகள். ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது இரண்டைக் கேட்டுக்கொண்டே போவோம்: இதைச் சொல்வது யார்? சொன்னது மெய்தானா என்று பார்ப்பது யார்?

ஃபைல்நேம்: /லிப்/மாட்யூல்ஸ்/6.1.0-18-ஏஎம்டி64/கெர்னல்/டிரைவர்ஸ்/நெட்/வயர்லெஸ்/இன்டெல்/ஐடபிள்யூஎல்வைஃபை/ஐடபிள்யூஎல்வைஃபை.கேஓ

இந்த வரியை மட்டும் மாட்யூல் சொல்லவில்லை, மாட்இன்ஃபோ தானே சேர்க்கிறது. பின்னால் வரும் கையொப்ப வரிகள் நீங்கலாக மற்றவை எல்லாம் இந்தக் கோப்புக்குள் ‘.மாட்இன்ஃபோ’ என்ற பகுதியில், பெயரும் மதிப்புமாக அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை வாசிக்க மாட்யூலை ஏற்ற வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய மாட்யூலையும் இப்படி விசாரிக்கலாம்.

பாதையில் கெர்னலின் பதிப்பு எண் ஓர் அடைவின் பெயராக நிற்பதைக் கவனியுங்கள். கணினியில் மூன்று கெர்னல்கள் இருந்தால் இதே மாட்யூல் மூன்று அடைவுகளில் மூன்று முறை இருக்கும். புதிய கெர்னலை நிறுவிவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் பழைய கெர்னலின் தொகுப்பை நீக்கிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அடைவு போய்விடும். ஏற்கெனவே ஏறிய மாட்யூல்கள் நினைவகத்தில் இருப்பதால் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோலத் தெரியும். புதிதாக ஒரு பென்டிரைவைச் செருகும்போதுதான் குறை வெளிப்படும்.

‘கேஓ’ என்ற பின்னொட்டு 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பின் அடையாளம். அதற்குமுன் சாதாரண ‘.ஓ’ கோப்புகளே மாட்யூல்களாக இருந்தன, அவற்றைக் கெர்னலோடு இணைக்கும் வேலையை வெளியிலிருந்த கருவி செய்தது. ரஸ்டி ரஸ்ஸல் அந்தப் பகுதியைத் திருப்பி எழுதி, இணைக்கும் பொறுப்பைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தார். இன்று கருவி கோப்பைக் கெர்னலிடம் ஒப்படைப்பதோடு சரி. விடுபட்ட பெயர்களுக்கு முகவரி தேடி நிரப்புவது கெர்னலின் வேலை.

லைசென்ஸ்: ஜிபிஎல்

மிகச் சிறிய வரிதான், ஆனால் வழக்குகள் நிறைந்தது. கெர்னல் தன் செயல்கூறுகளில் சிலவற்றை மாட்யூல்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிடுகிறது. அவற்றில் ஒரு பகுதி எல்லோருக்கும் உரியது. இன்னொரு பகுதி ஜிபிஎல் உரிமத்துக்கு இணங்கிய மாட்யூல்களுக்கு மட்டும். கெர்னல் இந்தச் சொல்லைத் தன்னிடமுள்ள ஒரு சிறு பட்டியலோடு ஒப்பிடுகிறது. அதில் இருந்தால் இரண்டாம் பகுதியும் கிடைக்கும். இல்லாவிட்டால் கிடைக்காது, கூடவே கெர்னலின் மேல் ஒரு கறையும் படியும். ‘டெயின்ட்’ என்று அதைக் குறிப்பார்கள். உரிமம் பொருந்தாத மாட்யூலுக்கு ‘பி’ என்ற எழுத்து, எண்ணில் 1.

மாட்யூலை இறக்கினாலும் இந்தக் கறை போகாது. மறுதொடக்கம்வரை நிற்கும். இது நியாயமானது என்றே நினைக்கிறேன். சுவரில்லாத இடத்தில் ஒரு முறை நுழைந்துபோனவர் எதைத் தொட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. மூலநிரல் தெரியாத மாட்யூல் ஏறியிருந்த கெர்னலில் பிழை வந்தால், அதை ஆராய கெர்னல் உருவாக்குநர்கள் மறுப்பதன் காரணமும் இதுவே. அவர்கள் படிக்க முடியாத நிரலின் விளைவுக்கு அவர்களை எப்படிப் பொறுப்பாக்குவது?

சொல்லைக் கெர்னல் சரிபார்க்கிறது, அதன் உண்மையைச் சரிபார்க்கவில்லை என்பதற்கு 2004-ல் ஒரு சாட்சி கிடைத்தது. மோடம் டிரைவர்கள் விற்ற ஒரு நிறுவனம் தன் மாட்யூலின் உரிம வரியில் ‘ஜிபிஎல்’ என்று எழுதி, உடனே ஒரு சுழிய பைட்டை வைத்து, அதன் பிறகு ‘இது இன்ன அடைவிலுள்ள கோப்புகளுக்கு மட்டும்’ என்ற பொருளில் தொடர்ந்திருந்தது. சி மொழியில் சுழிய பைட் வந்தால் சரம் அங்கே முடிந்தது. கெர்னல் கண்டது ‘ஜிபிஎல்’ மட்டும், கறையும் படியவில்லை. எச்சரிக்கைச் செய்திகள் பயனர்களைக் குழப்புவதைத் தவிர்க்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கியது. விளக்கம் எதுவானாலும், முழு வாக்கியத்தைப் படித்த மனிதருக்கும் பாதி வாக்கியத்தைப் படித்த கெர்னலுக்கும் வெவ்வேறு பொருள் சென்றது. இந்த வரி மாட்யூலை எழுதியவரின் சொல். அதற்குப் பிணை அவருடைய நேர்மை ஒன்றுதான்.

நம் மாட்யூலைப் பொறுத்தவரை இங்கே ஒரு நுணுக்கம். இதன் மூலநிரல் கோப்புகள் ஜிபிஎல் அல்லது பிஎஸ்டி, எதன்கீழும் பெறலாம் என்று தலைப்பிலேயே சொல்கின்றன. கெர்னலிடம் சொல்லும்போது ஒன்றை மட்டும் சொல்கிறது. பொய்யில்லை, சுருக்கம் என்க.

டிஸ்க்ரிப்ஷன்: இன்டெல் வயர்லெஸ் வைஃபை டிரைவர் ஃபார் லினக்ஸ்

மனிதருக்காக எழுதியது. கெர்னல் இதைப் பொருட்படுத்துவதில்லை. மேலே செல்வோம்.

ஃபர்ம்வேர்: ஐடபிள்யூஎல்வைஃபை-7260-17.யூகோட்

இப்படிப்பட்ட வரிகள் வரிசையாக வரும், அட்டையின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாக. முந்தைய உரிம வரியை மட்டும் படித்து, இந்த வைஃபை முழுக்கத் திறந்த நிரலில் இயங்குகிறது என்று மகிழ்ந்தவர் இங்கே நிற்க வேண்டும். வைஃபை அட்டைக்குள் தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது. அதில் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். அது மூலநிரல் இல்லாமல், பகிர்வதற்கு மட்டும் இன்டெல் அனுமதித்த இருமக் கோப்பாக வருகிறது. /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் இருக்கும் அந்தக் கோப்பை மாட்யூல் கேட்டு வாங்கி அட்டையில் ஏற்றுகிறது. கோப்பு இல்லாவிட்டால் மாட்யூல் சரியாக ஏறியும் வைஃபை வராது.

டெபியன் நீண்ட காலம் இத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க மறுத்துவந்தது. கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கைக்கு அது உண்மையாக இருந்தது. ஆனால் வைஃபை மட்டுமே உள்ள மடிக்கணினியில் டெபியனை நிறுவ வந்தவர், இணையத்துக்குப் போக ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை எடுக்க இணையம் வேண்டும் என்று மாட்டிக்கொண்டார். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ல் இந்தக் கோப்புகள் தனிப் பிரிவாக நிறுவல் வட்டிலேயே வந்தன. தோற்றுப்போன தரப்பின் வாதத்தில் வலு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அட்டைக்குள் ஓடும் நிரலை நம்மால் படிக்க முடியாது என்பது வாக்கெடுப்புக்குப் பிறகும் மாறவில்லை.

பெயரின் கடைசியிலுள்ள 17-ஐயும் விளக்க வேண்டும். டிரைவரும் ஃபர்ம்வேரும் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன என்பதன் பதிப்பு எண் அது. டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் பெரிய எண்ணில் கேட்கத் தொடங்கி, கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். ஆகவே புதிய அட்டைகளில், கெர்னலின் செய்திப் பதிவில் ‘ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை’ என்று −2 என்ற பிழை எண்ணோடு சில வரிகள் தெரியலாம். −2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்பது மட்டுமே. அவற்றுக்குக் கீழே ஏதாவது ஓர் எண் வெற்றிகரமாக ஏறியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த வரிகளைக் கண்டு பயந்து இயங்குதளத்தையே திரும்ப நிறுவியவர்கள் உண்டு.

இந்த வரியைப் படிப்பது யார்? கெர்னல் அல்ல. தொடக்க நிலைக்கான சிறு கோப்பு முறைமையைக் கட்டும் கருவிதான் இதைப் படித்து, எந்த மாட்யூலோடு எந்த ஃபர்ம்வேரையும் சேர்க்க வேண்டும் என்று அறிகிறது.

அலியாஸ்: பிசிஐ:வி00008086டி000008பி1எஸ்வி*எஸ்டி00004070பிசி*எஸ்சி*ஐ*

பார்க்கக் குழப்பமான வரிதான், ஆனால் பயனர் ஒன்றுமே செய்யாமல் வைஃபை தானாக வேலை செய்வது இதனால்தான். பிரித்துப் படிப்போம். ‘பிசிஐ’ என்பது அட்டை செருகப்பட்ட பாதை. ‘வி’ உற்பத்தியாளர் எண். பிசிஐ அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கியிருக்கிறது. என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1022. இன்டெலுக்கு 8086, அதாவது 1978-ல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரான அதே எண். ‘டி’ சாதன எண், 08பி1 என்பது 7260 அட்டைகளில் ஒன்று. அடுத்து வருபவை துணை உற்பத்தியாளர், துணைச் சாதனம், சாதன வகை ஆகியவை. நட்சத்திரக் குறி எதுவானாலும் ஏற்கலாம் என்பதைக் காட்டும்.

கணினி எழும்போது கெர்னல் பிசிஐ பாதையில் ஒவ்வொரு சாதனமாக எண்ணிப் பார்க்கிறது. வைஃபை அட்டை தன் எண்களைச் சொல்கிறது. கெர்னல் அவற்றை இதே வடிவில் ஒரு சரமாகக் கோத்து, ‘புதிய சாதனம்’ என்று அறிவிக்கிறது. அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் யூடெவ், அந்தச் சரத்தோடு பொருந்தும் மாட்யூலைத் தேடுகிறது. தேடுவது ‘மாட்யூல்ஸ்.அலியாஸ்’ என்ற பட்டியலில். எல்லா மாட்யூல்களின் அலியாஸ் வரிகளையும் திரட்டி அந்தப் பட்டியலை முன்கூட்டியே எழுதிவைப்பது ‘டெப்மாட்’ கட்டளை. நீங்களே ஒரு மாட்யூலைக் கட்டி அடைவில் வைத்துவிட்டு டெப்மாட்டை ஓட்ட மறந்தால், மாட்யூல் கண்முன் கிடந்தும் யூடெவுக்குத் தெரியாது.

ஒரு மாட்யூல் ஏறவே கூடாது என்று விரும்புபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதும் இந்த வரியில்தான். /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ‘பிளாக்லிஸ்ட்’ என்று எழுதி மாட்யூலின் பெயரைச் சேர்த்தால் போதும் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்தக் கட்டளை செய்வது இவ்வளவே: மாட்யூலுக்குள் எழுதியிருக்கும் அலியாஸ் வரிகளைப் பொருட்படுத்தாதே. சாதனத்தைக் கண்டு தானாக ஏறுவது நிற்கும். பெயரைச் சொல்லி யாராவது ஏற்றினால் ஏறும். வேறொரு மாட்யூல் இதைச் சார்ந்திருந்து அது ஏறினால், இதுவும் கூடவே ஏறும். முழுமையாகத் தடுக்க வேண்டுமென்றால், ‘இன்ஸ்டால்’ என்ற கட்டளையைக் கொண்டு, இந்த மாட்யூலை ஏற்றச் சொன்னால் அதற்குப் பதிலாகத் தோல்வியை மட்டும் திருப்பித் தரும் ‘ஃபால்ஸ்’ நிரலை ஓட்டு என்று எழுதலாம். அதுவும் மாட்யூலைப் பெயர் சொல்லி ஏற்றும் ‘மாட்ப்ரோப்’ கட்டளைக்குத்தான் கட்டு. கோப்பை நேரடியாகக் கொடுக்கும் ‘இன்ஸ்மாட்’ இந்த அடைவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாதுகாப்புக்காகத் தடை போடுபவர் இந்த மூன்று நிலைகளையும் பிரித்து அறிந்திருக்க வேண்டும்.

டிபென்ட்ஸ்: சிஎஃப்ஜி80211

எழுதியவர் வாயால் சொன்ன வரியல்ல இது. மாட்யூலைக் கட்டும்போது, அது எந்தெந்தச் செயல்கூறுகளை அழைக்கிறது, அவை எந்த மாட்யூலில் இருக்கின்றன என்று பார்த்துக் கட்டுமானக் கருவியே எழுதியது. அதனால் நம்பத்தக்கது. வைஃபை வலையமைப்புகளுக்கான பொது அமைப்பு சிஎஃப்ஜி80211. அது ரேடியோவை அணைக்கும் பொத்தானைக் கவனிக்கும் ‘ஆர்எஃப்கில்’ மாட்யூலைச் சார்ந்திருக்கிறது. இந்த வரியில் நேரடிச் சார்பு மட்டுமே உள்ளது. சங்கிலி முழுவதையும் கோத்து ‘மாட்யூல்ஸ்.டெப்’ கோப்பில் வைப்பதும் டெப்மாட்டின் வேலை.

இன்ஸ்மாட்டுக்கும் மாட்ப்ரோப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிடலாம். இன்ஸ்மாட் கொடுத்த ஒரு கோப்பை மட்டும் ஏற்ற முயலும். சார்ந்த மாட்யூல் முன்பே ஏறியிருக்கவில்லை என்றால் ‘தெரியாத பெயர்’ என்று கெர்னல் மறுத்துவிடும். மாட்ப்ரோப் பட்டியலைப் பார்த்து, அடியிலிருந்து வரிசையாக ஏற்றிக்கொண்டு வரும். தானே எழுதிய மாட்யூலைச் சோதிப்பவரைத் தவிர மற்றவர்க்கு இன்ஸ்மாட் தேவைப்படுவதில்லை.

இந்த வரி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஏறியவற்றைக் காட்டும் ‘எல்எஸ்மாட்’ கட்டளையைக் கொடுத்தால், நம் மாட்யூலுக்கு எதிரே ‘ஐடபிள்யூஎல்எம்விஎம்’ என்ற இன்னொரு பெயர் நிற்கும். இவரை யார் அழைத்தார்கள்? ஃபர்ம்வேர் கோப்பைப் படித்த பிறகுதான், இது பழைய தலைமுறை அட்டையா, புதியதா என்பது நம் மாட்யூலுக்குத் தெரியவருகிறது. பழையது என்றால் ‘ஐடபிள்யூஎல்டிவிஎம்’, புதியது என்றால் ‘ஐடபிள்யூஎல்எம்விஎம்’ வேண்டும் என்று அது கெர்னலிடம் கேட்கிறது. ஏறிய மாட்யூல் நம் மாட்யூலைச் சார்ந்தது. மேலே நிற்பவரைக் கீழே இருப்பவர் அழைத்த கதை இது. அது ஓடும்போது எடுத்த முடிவு, ஆதலால் கட்டும்போது எழுதிய இந்த வரியில் இடம்பெறவில்லை. இறக்கும்போது இது நமக்குத் தேவைப்படும்.

ரெட்போலின்: ஒய்

2018 ஜனவரி தொடக்கத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற இரண்டு பலவீனங்கள் உலகுக்குத் தெரியவந்தன. செயலி வேகத்துக்காக அடுத்த பாதையை ஊகித்து முன்கூட்டியே ஓடிப்பார்க்கிறது. அந்த ஊகத்தைத் தவறான வழியில் திருப்பி, கெர்னலின் இரகசியங்களைக் கசியவைக்க முடியும் என்பது ஸ்பெக்டரின் ஒரு வடிவம். கூகுள் பொறியாளர்கள் அதற்கு ‘ரெட்போலின்’ என்ற மாற்றை உருவாக்கினார்கள். மறைமுகத் தாவல்களைக் கம்பைலர் வேறு வகையில் எழுதிவிடும். ஆனால் கெர்னல் முழுவதும் இப்படிக் கட்டப்பட்டிருந்து, ஒரே ஒரு மாட்யூல் பழைய முறையில் கட்டப்பட்டு ஏறினால், பாதுகாப்பில் ஓட்டை விழுந்துவிடும். நான் மேலே சொன்ன ‘சுவரில்லை’ என்பதன் நேரடி விளைவு இது. எனவே அந்த மாதமே இந்தச் சிறு வரி பிறந்தது. வரி இல்லாத மாட்யூலைக் கெர்னல் மறுப்பதில்லை, எச்சரிக்கை எழுதி ஏற்றிக்கொள்கிறது.

இன்ட்ரீ: ஒய்

கெர்னலின் அதிகாரபூர்வ மூலநிரல் மரத்துக்குள்ளேயே வளர்ந்த மாட்யூல் என்று பொருள். இந்த வரி இல்லையென்றால் ‘ஓ’ என்ற கறை, எண்ணில் 4096. கட்டுமான அமைப்பு எழுதும் வரியாயினும், வெளியே கட்டும் எவரும் தம் மாட்யூலில் இதே வரியைச் சேர்த்துவிட முடியும். கெர்னல் ஆராய்வதில்லை. உரிம வரிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நேம்: ஐடபிள்யூஎல்வைஃபை

கோப்பின் பெயரில் இடைக்கோடு இருந்தாலும் கெர்னலுக்குள் அது அடிக்கோடாக மாறிவிடும். மாட்ப்ரோப் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

வெர்மேஜிக்: 6.1.0-18-ஏஎம்டி64 எஸ்எம்பி ப்ரீஎம்ப்ட் மாட்_அன்லோட் மாட்வெர்ஷன்ஸ்

இந்த மாட்யூல் எந்தக் கெர்னலுக்காக, எந்த அமைப்புகளோடு கட்டப்பட்டது என்பதன் சுருக்கம். ‘எஸ்எம்பி’ பல செயலிகளுக்கானது. ‘ப்ரீஎம்ப்ட்’ கெர்னல் வேலையின் நடுவிலும் இடைமறிக்கத்தக்கது. ‘மாட்_அன்லோட்’ மாட்யூலை இறக்க இடம் தரும் கெர்னல். இவை மாறினால் கெர்னலின் உள் தரவமைப்புகளின் வடிவமே மாறிவிடக்கூடும். ஒரு புலம் நான்கு பைட் தள்ளிப் போயிருக்க, பழைய இடத்தில் எழுதும் மாட்யூல் வேறொன்றை அழித்துவிடும். அதனால் கெர்னல் இந்தச் சரத்தைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஏற்ற மறுக்கிறது. வாக்குமூலத்தில் கெர்னல் உண்மையிலேயே கடுமையாகப் பார்க்கும் வரி இது.

ஆனால் கடைசிச் சொல்லான ‘மாட்வெர்ஷன்ஸ்’ இருக்கும்போது ஒப்பீட்டில் ஒரு தளர்வு உண்டு. மாட்யூல் பயன்படுத்தும் ஒவ்வொரு செயல்கூறுக்கும், அதன் வகைகளையும் அளவுருக்களையும் கொண்டு கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் கோப்பில் பதிந்திருக்கும். அந்த எண்கள் இருந்தால், கெர்னல் சரத்தின் முதல் சொல்லான பதிப்பு எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் ஒப்பிடும். பிறகு செயல்கூறு செயல்கூறாக எண்களைப் பார்க்கும். பதிப்பு வேறாக இருந்தும் உள் அமைப்பு மாறாத இரண்டு கெர்னல்களுக்கிடையே ஒரே மாட்யூல் செல்ல இது வழி செய்கிறது. மாட்ப்ரோப்புக்குப் ‘ஃபோர்ஸ்’ சொல்லி இந்தச் சோதனைகளைத் தாண்டவும் முடியும். தாண்டினால் ‘எஃப்’ என்ற கறை. சொந்தத் தரவுள்ள கணினியில் இதை யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயனர் நிரல்களுக்குக் கெர்னல் தரும் முகப்பை உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாக இருப்பவர். உள்ளே மாட்யூல்களுக்குத் தரும் முகப்புக்கு அப்படி வாக்குறுதி எதுவும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாறலாம். மரத்துக்குள் இருக்கும் மாட்யூல் என்றால், முகப்பை மாற்றுபவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் மாட்யூலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் அதைத் திரும்பக் கட்டியாக வேண்டும். டெல் நிறுவனத்தில் உருவான ‘டிகேஎம்எஸ்’ கருவி இதைத் தானாகச் செய்கிறது. வன்பொருள் நிறுவனங்கள் தங்கள் டிரைவரை மரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற வற்புறுத்தலின் ஊற்று இந்த ஏற்பாடுதான். கடுமையான ஏற்பாடு. ஆயினும் பத்து ஆண்டுப் பழைய வைஃபை அட்டை இன்றைய கெர்னலிலும் ஓடுவதைப் பார்க்கும்போது, அது பயனர் பக்கம் நின்றதாகவே எனக்குப் படுகிறது.

சிக்_ஐடி: பிகேசிஎஸ்#7
சைனர்: (டெபியனின் செக்யூர் பூட் சாவியின் பெயர்)
சிக்_ஹாஷ்ஆல்கோ: எஸ்எச்ஏ256
சிக்னேச்சர்: (பதினாறடிமான எண்களாகப் பல வரிகள்)

இதுவரை வந்தவை சொற்கள். இவை சான்று. 2012 டிசம்பரில் வெளியான 3.7 கெர்னலிலிருந்து மாட்யூலுக்குக் கையொப்பம் இட முடிகிறது. கோப்பின் உள்ளடக்கத்தைச் சுருக்கி, இரகசியச் சாவியால் ஒப்பமிட்டு, அதைக் கோப்பின் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள். அதற்கும் பின்னால், கையொப்பம் சேர்த்தாயிற்று என்று ஆங்கிலத்தில் சொல்லும் 28 பைட் நீளக் குறிச்சரம் ஒன்று. கோப்பின் அமைப்புக்கு வெளியே ஒட்டப்பட்டதால் இது எளிதில் உதிரும். அளவைக் குறைக்கலாம் என்று ‘ஸ்ட்ரிப்’ கருவியை ஓட்டினால் கையொப்பம் காணாமற்போகும்.

கெர்னல் தன்னிடமுள்ள பொதுச் சாவிகளைக் கொண்டு இதைச் சரிபார்க்கிறது. சாதாரண நிலையில், ஒப்பம் இல்லாத மாட்யூலையும் ‘இ’ என்ற கறையோடு ஏற்றிக்கொள்ளும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் டெபியன் கெர்னல் தன்னைப் பூட்டிக்கொள்கிறது, ஒப்பமில்லாதது ஏறாது. டிகேஎம்எஸ் கட்டித் தந்த மாட்யூல் இங்கே வந்து தடுக்கி விழுவது அடிக்கடி நடப்பது. பலர் உடனே பயாஸுக்குப் போய்ச் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமலும் வழி உண்டு. கணினியின் உரிமையாளர் தமக்கென ஒரு சாவி இணையை உருவாக்கி, ‘மாக்யூட்டில்’ கட்டளையால் பொதுச் சாவியைப் பதிவுக்குக் கொடுத்து, ஒரு கடவுச்சொல்லையும் வைக்க வேண்டும். மறுதொடக்கத்தில் இயங்குதளம் எழுமுன்பே ஒரு திரை வந்து அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். விசைப்பலகையின் முன் உட்கார்ந்திருப்பவரால் மட்டுமே அதற்குப் பதில் சொல்ல முடியும். தொலைவிலிருந்து ஊடுருவியவர் தன் சாவியை நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி வைத்தார்கள்.

கையொப்பம் எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். இந்தக் கோப்பு இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் ஒரு பைட்டும் மாறவில்லை. அவ்வளவே. இதில் பிழை இல்லை என்று அது சொல்லவில்லை. ஒப்பமிட்ட மாட்யூல்களிலும் பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

பார்ம்: 11என்_டிசேபிள் (802.11என் வசதியை முடக்க, 1 முழுவதும், 2 அனுப்புவதில் தொகுத்தல் வேண்டாம், 4 பெறுவதில் தொகுத்தல் வேண்டாம், 8 அனுப்புவதில் தொகுத்தல் வேண்டும்)
பார்ம்: பவர்_சேவ் (மின்சேமிப்பு, இயல்பில் அணைந்தது)

கடைசியாக, மாட்யூல் நம்மிடம் விட்டுவைத்த முடிவுகள். வைஃபை அடிக்கடி அறுந்துபோகும்போது முதல் வரியிலுள்ள அளவுருவை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். எண்கள் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போவதால் கூட்டியும் தரலாம். 6 என்றால் அனுப்புவதிலும் பெறுவதிலும் தொகுத்தல் வேண்டாம். 1 தந்தால் அறுபடுவது நிற்கலாம், வேகமும் பழைய காலத்துக்குப் போய்விடும். ஆகவே அது நோயைக் கண்டறியும் சோதனையாக இருக்கட்டும், நிரந்தர மருந்தாக வேண்டாம்.

இப்போது நடைமுறையில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதை /சிஸ்/மாட்யூல் அடைவில், மாட்யூலின் பெயருக்குக் கீழே ‘பாராமீட்டர்ஸ்’ என்ற உள்ளடைவில் பார்க்கலாம். மேலே உள்ள இரண்டும் அங்கே படிக்க மட்டுமே திறந்திருக்கின்றன. மாட்யூல் ஏறும்போது மட்டும் அவற்றை அமைக்க முடியும். /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பில் ‘ஆப்ஷன்ஸ்’ என்று தொடங்கி மாட்யூலின் பெயரையும் அளவுருவையும் எழுதிவிட்டு, மாட்யூலை இறக்கி ஏற்ற வேண்டும்.

நேராக ஐடபிள்யூஎல்வைஃபையை இறக்கப் போனால், ஐடபிள்யூஎல்எம்விஎம் அதைப் பயன்படுத்துகிறது என்று மறுப்பு வரும். ஒரு மாட்யூலை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணிவைத்திருக்கிறது. எண்ணிக்கை சுழியமாகாமல் இறக்கினால், பிடித்திருப்பவர் அடுத்த முறை அழைக்கும்போது அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது. எனவே மாட்ப்ரோப்புக்கு ‘-ஆர்’ சொல்லி ஐடபிள்யூஎல்எம்விஎம்மை இறக்குங்கள். அதை இறக்கியதும், வேறெவரும் பிடித்திராத நம் மாட்யூலையும் அது கூடவே இறக்கிவிடும். பிறகு ஐடபிள்யூஎல்வைஃபையை ஏற்றினால் போதும், மற்றது தானே வரும். இதே வைஃபை வழியாகத் தொலைவிலிருந்து உள்நுழைந்திருப்பவர் இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டாவதைத் தட்ட இணைப்பு இருக்காது.

ஏற்றிய பின் /சிஸ் அடைவில் மதிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. அளவுருவின் பெயரில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் மாட்யூல் ஏறத் தவறுவதில்லை. ‘தெரியாத அளவுரு, விட்டுவிட்டேன்’ என்ற பொருளில் செய்திப் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு, பழைய மதிப்போடு ஓடத் தொடங்கிவிடும்.